ஒரிஜினலா, நல்லதா?

சென்னையில் ஒரு காரின் வயதை மீட்டர் காட்டாது. கிளட்ச் பிளேட் காட்டும். என்னுடையது மாருதி 800, 2004 மாடல். அது பார்த்த உலகம் மிகச் சிறியது. மயிலாப்பூரில் புறப்படும், தி.நகர் போகும், அங்கிருந்து அடையாறு போகும், இருட்டுவதற்குள் வீடு திரும்பும். நாலாவது கியரை எப்போது போட்டேன் என்று யோசித்தால் ஏதோ ஒரு தீபாவளி விடியற்காலைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஆனால் உழைப்புக்குக் குறைவில்லை. லஸ் பக்கம் மெட்ரோ ரயில் வேலைக்காகத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். அதை ஒட்டி அங்குலம் அங்குலமாக நகர வேண்டும். பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதை வளாகம் திறந்தார்கள். அதில் ஐஸ்கிரீமோடு நடந்து போகிறவர்கள் காரில் போகிற நம்மை முந்திப் போய், பேரம் பேசி, புடவை வாங்கிக்கொண்டு, திரும்பி வரும்போது மறுபடியும் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவம் வந்தால் மாட வீதிகளில் நாயன்மார்களுக்கு மட்டும்தான் வழி. இத்தனைக்கும் நடுவே என் இடது கால் கிளட்ச் பெடலை அழுத்தி, விட்டு, பாதி அழுத்தி, முக்கால் விட்டு ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். வலது கால் அநேகமாக ஓய்வூதியத்தில் இருக்கிறது.

அந்தக் கிளட்ச் ஒரு மாலை நேரத்தில், ஜெமினி மேம்பாலத்து ஏற்றத்தில், போதும் என்று சொல்லிவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறுகிறது, வண்டி அசையவில்லை. கருகல் வாசனை வேறு. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். ஜன்னலோரம் ஒரு முறை மூக்கை உறிஞ்சினார்.

"கிளட்ச் அவுட்டு சார். வண்டிய மெதுவா பின்னால உருட்டி ஓரங்கட்டு. வர்ற வண்டிய நான் நிறுத்துறேன். ஓரமா வுட்டுட்டு அப்பால கவலப்படு."

ஸ்கேன் எடுக்கவில்லை, ரத்தம் எடுக்கவில்லை, காசும் வாங்கவில்லை. முகர்ந்து பார்த்துச் சொன்னது அப்படியே சரி. வண்டியைக் கட்டியிழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, புத்தகத்தில் சொல்கிற சோதனையையும் செய்து பார்த்தேன். ஹேண்ட்பிரேக்கை இறுக்கி இழுத்து, நாலாவது கியரில் போட்டு, கிளட்சை விட்டால் இன்ஜின் திணறி நின்றுவிட வேண்டும். என் இன்ஜின் நிற்கவில்லை. கியர் பாக்ஸுக்கும் தனக்கும் இனி எந்த உறவும் இல்லை என்பதைப் போல நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து மதிப்பீடு கேட்டேன். வரிசையாகச் சொன்னார்கள். கிளட்ச் செட், கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றக் கூலி, ஃப்ளைவீல் வேலை, இன்ஜின் மவுண்ட், ஆயில், இன்னும் சில இதர வகை, இவற்றின் மேல் வரி. தொகை பத்தாயிரத்தைத் தாண்டியது. கடைசியில் போனில் பேசிய பையன் குரலைத் தாழ்த்தி, "சார், இந்த வண்டிக்கு இவ்வளவு செலவு பண்றதுக்குப் பதிலா..." என்று ஆரம்பித்தான். வீட்டில் பெரியவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது சில உறவினர்கள் பேசுகிற குரல் அது. போனை வைத்துவிட்டேன்.

என் மனைவி ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். எங்கள் வீட்டுச் செலவுகளுக்குத் தலைப்பும் உண்டு, உபதலைப்பும் உண்டு. 15 வருஷம் தாண்டிய காரின் ஆர்.சி.யை 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். முன்பு அதற்குக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ரூபாய் ஆனது. இந்த முறை அதைக் கட்டியதில் 'கார்' என்ற தலைப்பு ஏற்கெனவே இளைத்துப் போயிருந்தது.

"கார் தலைப்பில் 4,000 ரூபாய் இருக்கு" என்றாள்.

"கிளட்சுக்கு மொத்தம் பத்தாயிரம் கேக்கறாங்க."

"அதுல சாமான் எவ்வளவு, கூலி எவ்வளவு?"

ஆடிட்டர் ஆபீஸ் கேள்வி. பிரித்துப் பார்த்தால், சாமான் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. மீதியெல்லாம் கூலி, மேற்செலவு, வரி, மற்றும் அந்தப் பையனின் அனுதாபம்.

"அப்ப கூலிய நாமளே பண்ணிடலாம்" என்றாள். இப்படித்தான் மயிலாப்பூரில், ஆறு வீடுகள் கொண்ட ஒரு பழைய ஃபிளாட்டின் வாசலில், கியர் பாக்ஸ் இறக்கும் திட்டம் உருவானது.

இங்கே கிளட்சின் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கும் மவுண்ட் ரோடுக்கும் சம்பந்தம் இருக்கிறது. 1903-இல் மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் இந்த ஊரிலேயே ஒரு கார் செய்தார். அது நீராவிக் கார். நீராவிக்கு ஒரு பெரிய குணம் உண்டு. சும்மா நிற்கிற பிஸ்டனையும் அது முழு பலத்தோடு தள்ளும். அதனால் நீராவி வண்டியில் இன்ஜினையும் சக்கரத்தையும் பிரித்து வைக்க வேண்டிய தேவையே கிடையாது. பெட்ரோல் இன்ஜின் அப்படி இல்லை. நிமிஷத்துக்குச் சில நூறு சுற்றாவது சுற்றிக்கொண்டிருந்தால்தான் அதற்கு உயிர். சக்கரம் நிற்கிறபோது தானும் நிற்கத் தெரியாது. நிற்கிற சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பவும் தெரியாது. ஓடுகிற இன்ஜினையும் நிற்கிற சக்கரத்தையும் சமாதானமாகச் சேர்த்துவைக்க நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்தத் தரகர்தான் கிளட்ச். மின்சாரக் காரின் மோட்டாரும் நின்ற நிலையிலிருந்தே இழுக்கும் என்பதால் அதற்கும் தரகர் வேண்டாம். ஆக, சென்னையில் செய்த அந்த நீராவிக் காருக்கும் கிளட்ச் தேவைப்படவில்லை, இனி வரப்போகிற கார்களுக்கும் தேவைப்படாது. நடுவில் வந்து மாட்டிக்கொண்டது என் தலைமுறை. இதில் வேடிக்கை, அந்தச் சிம்ப்சனை வைத்திருக்கும் அமால்கமேஷன்ஸ் குழுமமே பின்னாளில் சென்னையில் கிளட்ச் செய்யவும் ஆரம்பித்தது.

தரகர் வேலை செய்யும் விதம் எளிது. இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிற கனமான சக்கரம் ஃப்ளைவீல். அதன் முகத்தில் ஒட்டி நிற்பது கிளட்ச் பிளேட். அதன் இரண்டு பக்கமும் உராய்வுக்கான லைனிங். பிளேட்டைப் பின்னாலிருந்து ஸ்பிரிங் பலத்தோடு அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் கேபிள் இழுக்கும், ரிலீஸ் பேரிங் போய் பிரஷர் பிளேட்டின் விரல்களை அமுக்கும், பிடி தளரும். காலை எடுத்தால் பிடி இறுகும். முழுதாக மிதித்தாலும் தேய்மானமில்லை, முழுதாக விட்டாலும் தேய்மானமில்லை. இரண்டுக்கும் நடுவே பாதியில் நிற்பதற்கு 'ஹாஃப் கிளட்ச்' என்று பெயர். அப்போதுதான் பிளேட் வழுக்கிக்கொண்டே தேயும், சூடாகும், நாறும். திருச்சி வரை போகிற கார் மொத்தப் பயணத்தில் செய்கிற ஹாஃப் கிளட்சை, கச்சேரி ரோட்டிலிருந்து பனகல் பார்க் போவதற்குள் நான் செய்துவிடுகிறேன். கிளட்சைக் கிலோமீட்டர் தின்பதில்லை. நின்று நின்று கிளம்புவது தின்கிறது.

சாமான் வாங்க ஜி.பி. ரோடு போக வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்ற முழுப் பெயரை அங்கே கடை வைத்திருப்பவர்களே சொல்லிக் கேட்டதில்லை. கார் இல்லாதவனுக்குப் பறக்கும் ரயில்தான் கதி. திருமயிலையில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினேன். கியர் மாற்றமும் கிளட்சும் இல்லாமலே ரயில் ஜம்மென்று கிளம்பியதைக் கொஞ்சம் பொறாமையோடு கவனித்தேன்.

ஜி.பி. ரோட்டுக் கடைகளில் கண்ணாடி அலமாரி, குளிர்சாதனம், வாங்க உட்காருங்க என்பதெல்லாம் கிடையாது. கவுண்டருக்குப் பின்னால் கூரை வரை அட்டைப் பெட்டிகள். முன்னால் மெக்கானிக்குகள் நாலைந்து பேர். ஒவ்வொருவர் கையிலும் கிரீஸ் வழியும் ஒரு பழைய சாமான், 'மாதிரி'க்காக. என் கையில் பேனாவால் எழுதிய சீட்டு. பார்த்தவுடனேயே கடைக்காரருக்கு நான் யார் என்று புரிந்துவிட்டது.

"800-க்குக் கிளட்ச் செட் வேணும். 2004, எம்.பி.எஃப்.ஐ."

"ஒரிஜினலா, நல்லதா?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "ரெண்டும் வேற வேறயா?"

"கம்பெனி பேர் போட்ட டப்பால வர்றது ஒரிஜினல். கம்பெனிக்கு செஞ்சு கொடுக்கறவன் தன் பேர் போட்டு தன் டப்பால விக்கிறது நல்லது. ரெண்டும் ஒரே மிஷின்ல வந்ததுதான். டப்பாவுக்குத் தனியா காசு."

"இந்த மூணாவது டப்பா?"

"அது ஒரிஜினல் மாதிரி. அத எடுக்காதீங்க. மெக்கானிக் எடுப்பான், ஆறு மாசத்துல திரும்ப வேலை வரும்ல."

இவ்வளவு நேர்மையான வகைப்பாட்டை நான் எந்தப் பெரிய ஷோரூமிலும் கேட்டதில்லை. 'நல்லது' ஒன்று வாங்கினேன். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் அதில் அடக்கம். கூடவே ஒரு கிளட்ச் கேபிள், கியர் ஆயில். பெரியவர் ஒருவர் என் கையிலிருந்த பெட்டியை வாங்கி, பிளேட்டை வெளியே எடுத்து, "இந்த மேடான பக்கம் கியர் பாக்ஸைப் பாக்கணும். திருப்பிப் போட்டீன்னா மறுபடி எல்லாத்தையும் இறக்கணும்" என்று சொல்லித் திரும்பக் கொடுத்தார். அவர் கடைக்காரர் இல்லை; வேறு எதற்கோ வந்தவர். அந்தத் தெருவில் அறிவுரைக்கு ஜி.எஸ்.டி. போடுவதில்லை.

அடுத்தது புதுப்பேட்டை. கிளட்ச் பிளேட்டைப் பொருத்தும்போது அது ஃப்ளைவீலுக்கு மிகச் சரியாக நடுவில் நிற்க வேண்டும். இல்லையென்றால் கியர் பாக்ஸின் ஷாஃப்ட் அதன் துளைக்குள் நுழையாது. இதற்கென்று ஒரு கருவி விற்கிறார்கள். விலை என் பட்ஜெட்டுக்கு வெளியே. ஊர் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் உபாயம் வேறு. அதே மாடல் கியர் பாக்ஸின் பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றைச் செருகிப் பிடித்தால் பிளேட் தானாக நடுவுக்கு வந்துவிடும்.

கூவத்தின் கரையில், எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே இருக்கிறது புதுப்பேட்டை. ஒரு கடையில் கதவுகள் மட்டும், ஒரு கடையில் முன்விளக்குகள் மட்டும், ஒரு கடையில் ஸ்டியரிங்குகள் மட்டும். தன் காரை அங்கே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனவர் திரும்பி வருவதற்குள் அதைத் தனித்தனியாக விற்றுவிடுவார்கள் என்று சென்னையில் ஒரு பழைய ஜோக் உண்டு. கார் இல்லாமல் போனதால் நான் தைரியமாகவே போனேன்.

"800 இன்புட் ஷாஃப்ட் ஒண்ணு வேணும்ணே."

"ஷாஃப்டு தனியா இன்னாத்துக்கு சார்? பாக்ஸாவே எட்த்துனு போ. உள்ள கீது."

"பிளேட்டு சென்டர் பாக்க மட்டும்தான்."

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நீயே பண்றியா?"

"ஆமா."

"வீட்லயா?"

"ஆமா."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "டேய், சாருக்கு ஒரு டீ சொல்றா" என்றார். துக்கம் விசாரிக்க வந்தவரிடம் காட்டுகிற மரியாதை அது. பல் தேய்ந்த ஒரு ஷாஃப்டைத் தேடி எடுத்து, துடைத்து, இரும்பு எடைக்கே கொடுத்தார். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மயிலாப்பூரில் தனிமையில் செய்யக்கூடிய காரியம் என்று எதுவும் கிடையாது. முன் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பஞ்சர் கடையில் கேட்டு வாங்கிய இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளில் வண்டியை உட்காரவைத்தபோதே கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. முதலில் வந்தவர் கீழ்வீட்டு மாமா. பெரம்பூர் கோச் ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தார்.

"ஸ்டாண்டெல்லாம் எதுக்குப்பா? ரெண்டு ஹாலோ பிளாக் வெச்சா போறாதா?"

இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் பணிவதாக இல்லை. ஏறக்குறைய 650 கிலோ வண்டி. ஹாலோ பிளாக் சுவருக்குத்தான் லாயக்கு. பாரத்தின் கீழ் எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். ஜாக்கி எந்த நேரமும் இறங்கும். "மாமா, அடியில படுக்கப் போறது நான்" என்றேன். "அதுவும் சரிதான்" என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார்.

"நாங்கல்லாம் முழு கோச்சையே தூக்கி நிறுத்துவோம். இது என்ன, பொம்மை வண்டி."

ரயில் பெட்டிக்குக் கிளட்ச் கிடையாது என்பதை நான் நினைவூட்டவில்லை.

பேட்டரி இணைப்பைக் கழற்றுவது, கியர் ஆயிலை வடிப்பது, கிளட்ச் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் ராடு, இரண்டு பக்க ஆக்சில் என்று வரிசையாக எல்லாவற்றையும் விடுவிக்க வேண்டும். இன்ஜினுக்கு அடியில் பலகை வைத்து இன்னொரு ஜாக்கியால் தாங்கிப் பிடிக்க வேண்டும். கழற்றிய போல்ட்டுகளை என் மனைவி ஒரு பழைய இட்லித் தட்டின் குழிகளில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு வைத்தாள். சீட்டில் வரிசை எண், இடம், அளவு, நான் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு கோடு. மேல்மாடிப் பையன் செல்போனில் ஒரு வீடியோ போட்டுக்கொண்டு வந்து, "அங்கிள், இதுல இவர் கியர் பாக்ஸை பதினெட்டே நிமிஷத்துல இறக்கிட்டார்" என்றான். வீடியோவில் இருப்பவருக்குக் காரை மேலே தூக்கும் லிஃப்ட் இருந்தது, இரண்டு உதவியாளர்கள் இருந்தார்கள், முக்கியமாக மாமா இல்லை.

கியர் பாக்ஸை இன்ஜினோடு பிணைக்கிற போல்ட்டுகளில் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத, கைக்கும் எட்டாத இடத்தில் இருந்தது. அந்த நேரத்தில்தான் கருத்துச் சுதந்திரம் உச்சத்துக்குப் போனது. மண்ணெண்ணெய் விடு என்றார் இஸ்திரி வண்டிக்காரர். தேங்காய் எண்ணெய் போதும் என்றார் எதிர்வீட்டு மாமி. சுத்தியால் ஒரு தட்டுத் தட்டு என்றார் கீரைக்காரம்மாவைப் பார்க்க வந்து இங்கே நின்றுவிட்ட ஒருவர். ஃபிளாட் சங்கச் செயலாளர் மட்டும் போல்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொது இடத்தில் ஆயில் சிந்தக் கூடாது என்று 2011-ஆம் வருஷத்துப் பொதுக்குழுத் தீர்மானத்தை நினைவுபடுத்தினார். பிறகு அவரும் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டார். கடைசியில் போல்ட் கழன்றது எல்லா எண்ணெய்களாலும் சேர்ந்துதான். பாக்ஸ் ஸ்பேனரின் பின்னால் மாட்டிய தண்ணீர்க் குழாய்த் துண்டுக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு.

பாக்ஸ் 25, 30 கிலோ இருக்கும். படுத்துக்கொண்டு நெஞ்சின் மேல் இறக்கிக்கொள்ளும் சாமான் அல்ல. அந்தச் சமயத்தில் மளிகைக் கடைப் பையன் மேல்வீட்டுக்கு அரிசிச் சிப்பம் கொண்டுவந்தான். தினமும் அதைத் தோளில் போட்டு மாடியேறுகிறவன். "இவ்ளோதானா?" என்று கேட்டு, அடியில் குந்தி, இரண்டு கையாலும் பாக்ஸை வாங்கி, மாமாவின் காலருகே வைத்துவிட்டுப் போய்விட்டான். கூட்டத்தில் வாயைத் திறக்காமல் வேலை செய்தவன் அவன் ஒருவன்தான்.

பழைய பிளேட்டை எடுத்துப் பார்த்தபோது லைனிங் என்று ஒன்று இருந்ததற்கான தடயம் மட்டும் இருந்தது. ரிவெட்டுகள் வெளியே வந்துவிட்டன. உள்ளே படிந்திருந்த கரித்தூளை ஊதித் தள்ளப் போன மேல்மாடிப் பையனைத் தடுத்தேன். பழைய லைனிங்குகளில் கல்நார் சேர்ந்திருக்கலாம். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. மூக்கைக் கட்டிக்கொண்டு ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியையும் கட்டிப் போட வேண்டும். ஃப்ளைவீலில் ஆழமான கோடுகளோ நீலம் பாரித்த வெடிப்போ இருந்தால் லேத்துக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். நல்லவேளை, எமரி பேப்பரால் தேய்த்ததிலேயே முகம் தெளிந்தது. பட்ஜெட் தப்பியது.

புதுப்பேட்டை ஷாஃப்டைச் செருகிப் பிளேட்டை நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். ஒரே பக்கமாக முடுக்கினால் தட்டு கோணிவிடும். இதெல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பாக்ஸை ஏற்றும்போதுதான் தகராறு. ஷாஃப்ட் பிளேட்டின் வாசல் வரை வருகிறது, உள்ளே போக மாட்டேன் என்கிறது. தள்ளு, தூக்கு, இடப்பக்கம் சாய், வலப்பக்கம் சாய் என்று வாசல் முழுக்க ஒரே குரல். இஸ்திரி வண்டிக்காரரும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து தள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை.

அப்போது மாமா நாற்காலியில் இருந்தபடியே சொன்னார். "பல்லும் பல்லும் முட்டிண்டு நிக்கறது. ஏதாவது ஒரு கியரைப் போட்டுட்டு, ஆக்சில் பக்கத்துல கொஞ்சம் திருப்பு. ஷாஃப்ட்டும் கூடத் திரும்பும். தானா விழும்."

திருப்பினேன். 'களுக்' என்று உள்ளே விழுந்தது. வாசலில் கைதட்டல். மாமா தட்டவில்லை. "ஷாஃப்ட்னா எங்கேயும் ஷாஃப்ட்தான்" என்று மட்டும் சொல்லி, காபி கேட்டார். காலையிலிருந்து அவர் சொன்ன எல்லாவற்றையும் அந்த ஒரு வாக்கியத்துக்காக மன்னித்தேன்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது இட்லித் தட்டு காலியாக இருந்தது. கூட்டத்துக்கு ஏமாற்றம். வீட்டில் பிரித்து மாட்டினால் ஒரு போல்ட்டாவது மிச்சமாக வேண்டும் என்பது ஐதீகம். "ஒண்ணுகூடவா மிச்சமாகலை? அப்ப எங்கேயோ இடிக்கறதே" என்றார் செயலாளர். என் மனைவி கையெழுத்துப் போட்ட சீட்டுகளை எடுத்து அவரிடம் கொடுத்தாள். மனுஷர் உண்மையிலேயே உட்கார்ந்து எண்ணினார்.

கேபிளைப் பெடலில் கொஞ்சம் தளர்வு இருக்கும்படி சரிசெய்தோம். அந்தத் தளர்வு இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் எப்போதும் அமுங்கியே இருந்து புதுப் பிளேட்டையும் தேய்த்துவிடும். புது ஆயில் ஊற்றி, ஒரு தடவை எல்லா முடுக்கையும் பார்த்துவிட்டு, வெள்ளோட்டத்துக்கு தி.நகர் துரைசாமி சப்வேயைத் தேர்ந்தெடுத்தேன். மழைக்காலத்தில் குளமாகிற இடம். மற்ற நாளில் சென்னையின் நேர்மையான ஏற்றங்களில் ஒன்று. மாமா முன்சீட்டில், மேல்மாடிப் பையன் பின்சீட்டில். ஏற்றத்தின் நடுவில் வழக்கம்போல் டிராஃபிக் நின்றது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்திப் பிறகு கிளம்பினேன். வண்டி கொஞ்சம்கூடப் பின்னால் உருளாமல் ஏறியது. மாமா வெளியே பார்த்துக்கொண்டே, "இனிமே தைரியமா நங்கநல்லூர் போலாம்" என்றார். அங்கே அவருடைய தங்கை வீடு இருக்கிறது.

இனி கணக்கு. கிளட்ச் செட், கேபிள், ஆயில், பழைய ஷாஃப்ட், எமரி பேப்பர், ரயில் டிக்கெட் எல்லாம் சேர்ந்து 4,000-க்குள் அடங்கியது. அந்த வகையில் திட்டம் வெற்றி. பாக்ஸ் ஸ்பேனர் செட்டும் இரண்டாவது ஜாக்கியும் வாங்கியதை என் மனைவி 'மூலதனச் செலவு' என்று வேறு தலைப்புக்கு மாற்றிவிட்டாள். கிளட்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம். வாசலில் கூடியிருந்தவர்களுக்குப் போன காபி, வாழைக்காய் பஜ்ஜி, மாலையில் மறுபடியும் காபி ஆகியவை 'தொழிலாளர் நலன்' என்ற புதிய தலைப்பில் பதிவாகியுள்ளன. அந்தத் தொகையைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆனால் சர்வீஸ் சென்டர் கேட்ட கூலி அநியாயம் என்று நான் இப்போது முன்போல் உறுதியாகச் சொல்வதில்லை.

வீட்டிலேயே செய்வது லாபமா என்று கேட்டால், என் தீர்ப்பு இது. 800 போன்ற எளிய, சின்ன வண்டிக்கு, கருவி இரவல் கிடைக்குமானால், லாபம்தான். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி ஹர்பால் சிங் என்பவர் கையில் முதல் சாவியைக் கொடுத்தபோது இந்தக் காரின் விலையே ஏறக்குறைய 50,000 ரூபாய்தான். சாதாரணக் குடும்பத்துக்கென்று செய்த வண்டி. அதைச் சாதாரணக் குடும்பமே பிரித்து மாட்டவும் முடியும். 2014-இல் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள், ஜி.பி. ரோட்டுக்கும் புதுப்பேட்டைக்கும் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. மூடி போட்டு மறைத்து, கம்ப்யூட்டரைக் கேட்டுத்தான் தொட வேண்டும் என்கிற புது வண்டிகளிடம் இந்த வீரத்தைக் காட்ட வேண்டாம்.

மற்றபடி, படிக்கிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். சிக்னலில் நின்றால் நியூட்ரலில் போடுங்கள். மேட்டில் நின்றால் கிளட்சில் தொங்காமல் ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். ஓட்டும்போது இடது காலைப் பெடலின் மேல் ஓய்வெடுக்க விடாதீர்கள். இந்த மூன்றையும் செய்தால் கிளட்ச் மாற்றும் வேலையே வெகுநாள் தள்ளிப் போகும். அப்படியும் ஒருநாள் மாற்ற வேண்டி வந்து, வாசலில் நீங்களே இறங்குவதென்றால், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். கடையில் 'நல்லதா' என்று கேட்டு வாங்குங்கள். பஜ்ஜிக்கு முன்கூட்டியே தனி நிதி ஒதுக்கிவிடுங்கள்.